கரிச்சட்டியும் சாத்திய கதவும்

நேயர்களுக்கு வணக்கம். நீலகிரியில் நவம்பர் பிறந்தால் பிப்ரவரி முடிய உறைபனிக் காலம். காந்தல், தலைக்குந்தா, அவலாஞ்சி பக்கம் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் குழாயைத் திறந்தால் விரல் மரத்துப்போகும். இந்த மலையிலேயே பல வருடம் மருத்துவம் பார்த்தவன் என்பதால், பனிக்காலத்தில் உடம்பைக் காப்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். கம்பளி, குல்லா, வெந்நீர் எல்லாம் உங்களுக்கே தெரியும். நான் நேராகக் கரிச்சட்டிக்கு வந்துவிடுகிறேன்.

ராத்திரி குளிர் தாங்கவில்லை. அடுப்பில் மிச்சமிருக்கும் தணலை ஓர் இரும்புச் சட்டியில் அள்ளி, படுக்கிற அறைக்குள் வைக்கிறோம். கதவைச் சாத்துகிறோம். கதவுக்கு அடியில் இருக்கும் இடுக்கில் பழைய துணியை அடைக்கிறோம். குழந்தைகளுக்குக் குளிரக் கூடாது என்ற அக்கறையில்தான் செய்கிறோம். ஆனால் அந்த அறையில் அதைவிட ஆபத்தான வேலை வேறில்லை.

புகைதான் வரவில்லையே என்று கேட்பீர்கள். வராததுதான் ஆபத்து. ஈர விறகு புகைந்தால் கண் எரியும், இருமல் வரும், எழுந்து கதவைத் திறந்துவிடுவோம். கனிந்த கரியில் புகை தெரியாது. அதிலிருந்து கிளம்பும் கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நம் ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில், பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, இது முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்பு அதற்கு. எளிதில் எழுந்திருக்காது. விழித்திருப்பவருக்குத் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வரும். தூங்குகிறவருக்கு ஒன்றும் தெரியாது. தூக்கம் அப்படியே மயக்கமாகிவிடும்.

ஒரு ஜனவரி மாதக் காலையில் நடந்ததைச் சொல்கிறேன். சமவெளியிலிருந்து சுற்றுலா வந்த ஒரு குடும்பம். முந்தின இரவு, தங்கிய இடத்து முற்றத்தில் பார்பிக்யூ அடுப்பு வைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். சாப்பிட்டு முடித்ததும், கரி இன்னும் சூடாக இருக்கிறதே என்று அந்த அடுப்பையே அறைக்குள் தூக்கி வைத்துக்கொண்டார்கள். காலையில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தலைவலி, வாந்தி. பெரிய பையனை எழுப்பினால் கண்ணைத் திறந்து திறந்து மூடுகிறான். "நைட்டு சாப்பிட்ட சிக்கன் ஒத்துக்கல டாக்டர்" என்றுதான் அந்த அப்பா சொன்னார். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி 98 காட்டியது. வாந்திக்கு ஊசி போட்டு அனுப்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

பணியில் இருந்த நர்ஸ்தான் கேட்டார்: "ராத்திரி ரூமுக்குள்ள நெருப்பு ஏதாவது வெச்சிருந்தீங்களா சார்?" அந்த ஒரு கேள்வியில் எல்லாம் வெளியே வந்தது. உடனே நான்கு பேருக்கும் முகமூடி மாட்டி ஆக்சிஜன் கொடுத்தோம். சாயங்காலம் அந்தப் பையன் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டான்.

இதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, விரல் கருவி. கொரோனாவுக்குப் பிறகு பல வீட்டில் அது இருக்கிறது. ஆனால் கரி வாயு ஏறிய ரத்தத்தையும் அது நல்ல ரத்தம் என்றே காட்டும். 98 என்று பார்த்து நிம்மதி அடையாதீர்கள். இன்னொன்று, ஒரே வீட்டில் பல பேருக்கு ஒரே சமயத்தில் தலைவலி வந்து, வெளியே வந்தால் குறைகிறதென்றால், சாப்பாட்டைச் சந்தேகப்படுமுன் அந்த அறையைச் சந்தேகப்படுங்கள். பாத்ரூமை அடைத்துக்கொண்டு கேஸ் கீசர் ஓட்டினாலும் இதேதான் நடக்கும்.

ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதாதா என்று எப்போதும் ஒருவர் கேட்பார். போதாது. திரும்பவும் சொல்கிறேன், போதாது. கணப்பு வேண்டுமென்றால் வாசலில் மூட்டுங்கள், சுற்றி உட்கார்ந்து குளிர்காயுங்கள், நெருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வாருங்கள். படுக்கைக்கு வெந்நீர்ப் பை போதும், துணி சுற்றி. பச்சிளம் குழந்தைக்கு அதுவும் வேண்டாம். குல்லா போட்டு, அம்மா தன் மார்போடு உடம்பு படும்படி அணைத்துக்கொண்டால் அதைவிட நல்ல சூடு கிடையாது.

அப்படி யாராவது மயங்கிக் கிடந்தால் கதவு ஜன்னலைத் திறந்து, ஆளை வெளியே இழுத்து, 108-ஐக் கூப்பிடுங்கள். கூப்பிடும்போதே "கரி வைத்துத் தூங்கிவிட்டார்கள்" என்று சொல்லிவிடுங்கள். சொந்தக் காரில் ஏற்றி, மூடுபனியில் கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கிக் கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நினைக்காதீர்கள். சாதாரணக் காற்றில் அந்த வாயு பாதி குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். முகமூடியில் ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதி இறங்கிவிடும். ஆம்புலன்சிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. இந்த நோயாளிக்குச் சரியான வைத்தியம் எது என்றால், முதலில் கிடைக்கிற ஆக்சிஜன்தான். பெரிய ஆஸ்பத்திரி அதற்கு அப்புறம்.

குழந்தைகளுக்கு வருகிறேன். பனிக்காலத்தில் மூக்கு ஒழுகாத குழந்தை கிடையாது. சளி பிடித்த ஒவ்வொரு குழந்தைக்கும் ஆண்டிபயாடிக் வேண்டாம். போன தடவை எழுதிக் கொடுத்த சிரப் மிச்சம் இருக்கிறதென்று அதை ஊற்றாதீர்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இருமலுக்குத் தேன் கொடுக்கலாம். அதற்குக் கீழே கூடவே கூடாது. தரையில் கொதிக்கிற அண்டாவை வைத்து ஆவி பிடிக்க வைக்காதீர்கள், வெந்துபோன தொடைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

எப்போது தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்? மூச்சை எண்ணுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு எழும்பித் தாழ்வதை, செல்போன் கடிகாரத்தைப் பார்த்து முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயது வரை 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. அந்த எண்ணிக்கையோ அதற்கு மேலோ வந்தால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, இரவானாலும் காத்திருக்க வேண்டாம்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சைகை காட்டுகிறார்கள். மாரடைப்பைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். குளிரில் ரத்தக் குழாய் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும். இருட்டோடு கேரட் அறுவடைக்கும் தோட்ட வேலைக்கும் கிளம்புகிறவர்கள், நெஞ்சு அழுத்தி வியர்த்தால் வாயு என்று சோடா குடிக்காமல் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். முதல் மாத்திரைகள் அங்கேயே இருக்கின்றன. ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலரை உள்சட்டைப் பையில் வையுங்கள், சில்லிட்டுப்போனால் மருந்து சரியாக வராது. கர்ப்பிணிகளும் 65 தாண்டியவர்களும் சர்க்கரை நோயாளிகளும் ஃப்ளூ தடுப்பூசி பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், அது வருடா வருடம் போட வேண்டியது. ஏதாவது சந்தேகம் என்றால் எந்த நேரத்திலும் 104-க்குப் பேசலாம். வணக்கம்.