குளமா, வாய்க்காலா?

அனைவருக்கும் வணக்கம். கடைசி வரிசைக்குக் கேட்கிறதா? சரி.

இன்றைக்கு நான் பேச வந்திருக்கும் பொருட்களின் பெயர்களைக் கேட்டால் யாரும் கிட்டவே வர மாட்டார்கள். ஒன்று புட்ரெசின், அழுகலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். அதன் பங்காளி கடாவெரின். பிணத்திலிருந்து வந்த பெயர். 1885 வாக்கில் பெர்லினில் லுட்விக் பிரீகர் என்ற மருத்துவர் அழுகும் சதையிலிருந்து பிரித்தெடுத்துச் சூட்டியவை இவை. கெட்டுப்போன மீனின் நாற்றத்தில் இவற்றுக்கும் பங்குண்டு.

இன்னொரு பெயர் ஸ்பெர்மின். 1670களில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்து லேயுவன்ஹுக் தன் கையால் தேய்த்த ஒற்றை லென்ஸ் வழியே உலர்ந்த விந்துத் துளியைப் பார்த்தபோது, அதில் கூர்கூரான படிகங்கள் தெரிந்தன. அது ஸ்பெர்மின் பாஸ்பேட். அதன் மூலக்கூறு வடிவம் உறுதியாக 1920கள் வரை ஆயிற்று.

புட்ரெசின், அதை நீட்டினால் ஸ்பெர்மிடின், மேலும் நீட்டினால் ஸ்பெர்மின். இந்த மூன்றையும்தான் பாலிஅமீன்கள் என்கிறோம். நேர்மின்னூட்டம் கொண்டவை, எதிர்மின்னூட்டம் கொண்ட டிஎன்ஏ, ஆர்என்ஏவோடு ஒட்டிக்கொள்ளும். இவை இல்லாமல் நம் செல் வளராது, பிரியாது. புராஸ்டேட் சுரப்பியில் ஸ்பெர்மின் ஏராளம், கணையத்தில் ஸ்பெர்மிடின். மூளையிலும் இருக்கின்றன.

எந்த உறுப்பில் எவ்வளவு இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் படித்துவிட்டு வந்துவிடுகிறோம். குளத்திலும் இடுப்பளவு தண்ணீர், வாய்க்காலிலும் இடுப்பளவு தண்ணீர். அளவுகோல் இரண்டிலும் ஒரே எண்ணைத்தான் காட்டும். ஒன்று நேற்றைய தண்ணீர், மற்றது இந்த நிமிடத்துத் தண்ணீர் என்பதை அது சொல்லாது. நம் உறுப்புகளில் பாலிஅமீன்கள் குளம்போலத் தேங்கிக் கிடக்கின்றனவா, வாய்க்கால்போல உண்டாகி உடைந்து ஓடிக்கொண்டே இருக்கின்றனவா என்பதுதான் இன்றைய கேள்வி.

முதலில் கல்லீரல். எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தால் மிச்சம் வளர்ந்து ஈடுகட்டிவிடும். 1960களின் கடைசியில் அமெரிக்காவில் டயான் ரஸ்ஸல், சாலமன் ஸ்னைடர் இருவரும் அந்த வளரும் கல்லீரலைச் சோதித்தார்கள். புட்ரெசினை உண்டாக்கும் நொதியான ஆர்னித்தின் டிகார்பாக்சிலேஸ் சில மணி நேரத்திலேயே பல மடங்கு ஏறியிருந்தது. அதைவிட வியப்பு, புதிய புரத உற்பத்தியை நிறுத்திப் பார்த்தபோது பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் நொதி பாதியாகிவிட்டது. உடம்பிலுள்ள புரதங்களில் இவ்வளவு அற்பாயுள் கொண்டவை மிகக் குறைவு. பாலிஅமீன் கூடினால் ஆன்டிசைம் என்ற இன்னொரு புரதம் உருவாகி, இந்த நொதியின் கழுத்தைப் பிடித்துச் செல்லின் அரவை இயந்திரத்துக்குள் தள்ளிவிடுகிறது. உற்பத்தியை நிறுத்தச் சொல்லும் ஆணை உற்பத்தியிலிருந்தே வருகிறது.

மூளைக்கு வருவோம். பிறக்கும் தறுவாயில் எலிக்குட்டியின் மூளையில் இந்த நொதி மும்முரமாக இருக்கும்; சில வாரங்களில் அடங்கிவிடும். வளர்ந்த மூளையில் கொஞ்சம்தான் மிஞ்சும். ஆனால் ஸ்பெர்மிடினும் ஸ்பெர்மினும் அங்கேயே இருக்கின்றன, வேலையும் செய்கின்றன. செல்லுக்கு உள்ளிருந்தபடி சிலவகைப் பொட்டாசியம் வாயில்களில் அடைப்பான் போல உட்கார்வது ஸ்பெர்மின்தான் என்பது 1994இல் தெரியவந்தது. அப்படியானால் மூளை வெறும் குளமா?

இதைத் தெரிந்துகொள்ள ஸ்ட்ராஸ்பர்கில் நிகோலஸ் சைலரும் கூட்டாளிகளும் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. ஓடுகிறதா என்று சந்தேகம் வந்தால் நம் ஊர் விவசாயி என்ன செய்வார்? மடையை அடைத்துவிட்டு, தண்ணீர் ஏறுகிறதா என்று பார்ப்பார். அவர்கள் செய்ததும் அதுதான். பழைய ஸ்பெர்மிடினை உடைக்கும்போது செல் முதலில் அதன் மேல் அசிட்டைல் என்ற சிறு வேதித் துணுக்கை ஒட்டி ஒரு முத்திரை குத்தும். பிறகு ஓர் ஆக்சிடேஸ் நொதி அதை வெட்டிப் புட்ரெசினாக்கும். அந்த ஆக்சிடேஸை மருந்தால் அடைத்தார்கள். முத்திரை குத்திய ஸ்பெர்மிடின் மூளையில் தேங்கத் தொடங்கியது, புட்ரெசின் குறைந்தது. தேங்கிய வேகம்தான் சுழற்சியின் வேகம். ஓட்டம் மெதுவானதுதான், ஆனால் ஓட்டம் இருக்கிறது. பழையதை உடைத்துக் கிடைத்த புட்ரெசினையே மூளை மறுபடியும் புதிய ஸ்பெர்மிடினாகக் கட்டிக்கொள்கிறது. சிக்கனமான வீடு.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பெர்மிடின் மாத்திரை சாப்பிட்டால் ஞாபகசக்தி கூடும் என்று விளம்பரங்கள் வருகின்றன. இரத்தத்திலிருக்கும் பாலிஅமீன் மூளைக்குள் எளிதில் நுழையாது. பெர்லினில் மறதி பற்றிக் கவலைப்பட்ட 100 முதியவர்களில் ஒரு பாதிக்கு ஓராண்டு கோதுமை முளையின் ஸ்பெர்மிடினும், மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். 2022இல் முடிவு வந்தது. நினைவாற்றலில் பேசும்படியான வித்தியாசம் இல்லை. காசு உங்களுடையது.

இந்தச் சுழற்சியின் வேகத்தால் உயிர் பிழைத்தவர்கள் ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள். தூக்க நோயை உண்டாக்கும் டிரிபனோசோமா ஒட்டுண்ணிக்கும் புட்ரெசினை உண்டாக்கும் அதே ஆர்னித்தின் டிகார்பாக்சிலேஸ் நொதி வேண்டும். எஃப்ளார்னித்தின் என்ற மருந்து அந்த நொதியோடு ஒட்டிக்கொண்டு, இரண்டும் சேர்ந்தே வீணாகிவிடும். நம் செல் நிமிடங்களில் புது நொதியைச் செய்துகொள்ளும். மேற்கு ஆப்பிரிக்க வகை ஒட்டுண்ணியின் நொதி மணிக்கணக்காக நீடிக்கும் ரகம். போனதை ஈடுகட்ட அதற்கு நேரமாகும். மயக்கத்தில் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்ததால் இதை உயிர்த்தெழுப்பும் மருந்து என்றே அழைத்தார்கள். கிழக்கு ஆப்பிரிக்க வகையிடம் இந்த மருந்து பலிக்கவில்லை. அதன் நொதி சீக்கிரம் புதுப்பிக்கப்படுவது அதற்கு ஒரு காரணம்.

அப்புறம் அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு சிறுமி. அவளுடைய உடம்பில் இதே நொதியின் வால்பகுதி மரபணுப் பிழையால் அறுந்திருந்தது. செல் அந்த நொதியை அழிக்கப் பிடிக்கும் பிடி அந்த வாலில்தான் இருக்கிறது. பிடி இல்லாததால் நொதி அழியாமல் குவிந்தது. வளர்ச்சி பின்தங்கியது, முடியெல்லாம் கொட்டியது. இந்த நோயை 2018இல்தான் முதன்முதலாக விவரித்தார்கள். பாக்மன்-பப் நோய்க்குறி என்று பெயர். அவளுக்கும் எஃப்ளார்னித்தினையே கொடுத்துப் பார்த்தார்கள்.

இதே மருந்தின் களிம்பு, பெண்களின் முகத்தில் வளரும் வேண்டாத முடியை மட்டுப்படுத்த 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முடி வளராமல் தடுக்கும் மருந்து. அந்தச் சிறுமிக்கு அதைக் கொடுத்த சில மாதங்களில் தலைமுடி முளைத்தது, புருவமும் முளைத்தது.