காந்தி பூங்காவில் கல் பார்க்கப் போனோம்

வணக்கம் நேயர்களே. புவியியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன் நான். மாதத்தில் ஒரு நாள், வெயில் ஏறுமுன், மட்டக்களப்பு காந்தி பூங்காவில் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு கல் பார்க்கப் போவேன். "பூங்காவில கல்லப் பார்க்க என்ன சேர் இருக்கு?" என்று முதல் நாளே ஒரு பெடியன் கேட்டான். நியாயமான கேள்விதான். பூங்கா இருக்கிற புளியந்தீவில் நாம் கால் வைக்கிற இடமெல்லாம் மணல். 1628இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்ட வந்தபோதும் இதே மணல்தான். பூங்காவில் கிடக்கிற கருங்கல் எல்லாம் உள்நாட்டு மலைப் பக்கத்திலிருந்து லொறியில் வந்தவை.

ஆனால் வாவியோரம் போட்டிருக்கும் அந்தக் கல்லில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். காய்ந்திருக்கும்போது வெறும் சாம்பல் நிறம். நனைந்ததும் கறுப்பும் வெள்ளையுமாக வரி வரியாகத் தெரியும். ஓரிடத்தில் வரிகள் வளைந்து மடிந்திருக்கும். "மருதமுனைக் கைத்தறிச் சாரம் மாதிரி" என்றாள் ஒரு பிள்ளை. அதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

நைஸ் என்பது இதன் பெயர். வரிகளைக் கண்டதும் சேறு படிந்து படிந்து உண்டானது என்று பலர் நினைப்பார்கள். அப்படியில்லை. நமது கிழக்குப் பக்கப் பாறைகளை விஜயன் தொகுதி என்பார்கள். ஏறக்குறைய 100 கோடி ஆண்டுகளுக்கு முன் பாறைக் குழம்பாக இருந்து இறுகியவை இதில் நிறைய. மறுபடி 55 கோடி ஆண்டளவில், கண்டங்கள் மோதி, கொண்டுவானா என்ற ஒரே பெருங்கண்டமாக ஒட்டிக்கொண்ட காலத்தில், நிலத்துக்குள் ஆழத்தில் வெந்து, நசுங்கி, இழுபட்டன. கறுப்புக் கனியங்கள் ஒரு வரியாகவும் வெள்ளை ஒரு வரியாகவும் பிரிந்தது அந்த வேக்காட்டில்தான். குடும்பிமலையைத் தூரத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். அதுவும் இந்தத் தொகுதிதான்.

சரி, மணல் எங்கிருந்து வந்தது? அதே கல்லிலிருந்து. மழையும் வெயிலும் பட்டுப் பட்டு நைஸ் உளுத்துப்போகும்போது அதிலுள்ள வெள்ளைக் களிக்கல் (பெல்ஸ்பார் என்ற கனியம்) களியாகிவிடும். குவாட்ஸ் என்ற கடினமான கனியம் அசையாது, மணியாக உதிரும். ஆறு இரண்டையும் அள்ளி வரும். களி, ஓட்டம் அடங்கிய வாவிக்குள் படியும். மணலைக் கடல் வாங்கி, அலையால் கரையோரம் தள்ளித் தள்ளித் திடலாக்கும். ஏறக்குறைய 6,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றையதைவிடச் சற்று உயர்ந்திருந்தது. அதற்குப் பிறகு வளர்ந்த மணல் திடல்களின் பின்னால் அடைபட்டுக் கிடக்கும் தண்ணீர்தான் நம் வாவி. ஆக, இறால் வீசப் போகிறவர் காலில் ஒட்டும் சேறும், கல்லடிக் கடற்கரை மணலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

பூங்காவை முடித்துக்கொண்டு கல்லடிப் பாலம் தாண்டிக் கடற்கரைக்குப் போவோம். (பாலத்தில் யாராவது மீன் பாடுமா என்று கேட்காமல் இருப்பதில்லை. அது என்னுடைய பாடம் இல்லை என்று தப்பிவிடுவேன்.) அலை வாங்கிய இடத்தில் சில வேளை கறுப்பு மணல் கோடு கோடாகக் கிடக்கும். அழுக்கென்று ஒதுக்காதீர்கள். பாரமான மணியை அலை விட்டுவிட்டு, இலேசான மணலை மட்டும் இழுத்துக்கொண்டு போனதால் மிஞ்சியது அது. இல்மனைட், மக்னடைட் என்ற கறுப்புக் கனியங்கள், இடையில் சிவப்பாகக் கானட்.

காந்தம் ஒன்றைக் கிட்டக் கொண்டுபோனால் மக்னடைட் மீசை மாதிரி எழும்பி ஒட்டும். முதல் தடவை வெறும் காந்தத்தை மணலில் முக்கிவிட்டு, ஒட்டியதைத் துடைத்தெடுக்க நான் பட்ட பாடு பெரிய பாடு. இப்போது சொப்பிங் பையால் சுற்றித்தான் கொண்டுபோகிறேன். பையைக் கழற்றினால் மணல் தானாக விழுந்துவிடும்.

அடுத்த முறை வருகிறவர்கள் தொப்பி, ஒரு போத்தல் தண்ணீர், ஒரு காந்தம் கொண்டு வாருங்கள். பழுதான ஸ்பீக்கருக்குள் நல்ல காந்தம் இருக்கும். அதற்காக இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் வானொலியைக் கழற்றிவிடாதீர்கள்.