அஞ்சல்தலைகளில் மிதிவண்டி

நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

விளையாட்டு அஞ்சல்தலைகளைச் சேகரிப்போர் பலரும், 1896ஆம் ஆண்டில் கிரேக்க நாடு வெளியிட்ட ஒலிம்பிக் வரிசையிலிருந்தே தம் தொகுப்பைத் தொடங்க விரும்புவர். 12 தலைகள் கொண்ட அவ்வரிசையின் விற்பனை வருவாய், பணத்தட்டுப்பாட்டில் இருந்த ஏதென்ஸ் போட்டிகளுக்குக் கைகொடுத்தது. அப்போட்டிகளில் மிதிவண்டிப் பந்தயங்களும் நடந்தன. ஆயினும் குத்துச்சண்டை வீரர், வட்டெறிபவர், நாற்குதிரைத் தேர் எனப் பண்டைக் கிரேக்கக் கலையிலிருந்தே படங்களைத் தேர்ந்ததால், மிதிவண்டிக்கு அவற்றில் இடம் கிடைக்கவில்லை. ஆகவே மிதிவண்டியைக் கருப்பொருளாகக் கொள்பவர், அது தபால் சுமந்த வரலாற்றிலிருந்து தொடங்குவதே முறை என்பது என் உறுதியான கருத்து.

1894ஆம் ஆண்டு ஜூலையில், அமெரிக்காவில் புல்மன் வேலைநிறுத்தத்தால் ரயில்கள் நின்றபோது, கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் மிதிவண்டி வணிகம் செய்துவந்த ஆர்தர் பான்டா என்பவர், அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழியில் ஒருவர் மாற்றி ஒருவராக இளைஞர்களை மிதிக்கவைத்துக் கடிதங்களைக் கொண்டுசேர்த்தார். அதற்கென 25 சென்ட் மதிப்பில் சாய்சதுர வடிவத் தலை ஒன்றையும் அச்சிட்டார். முதல் அச்சில் சான் பிரான்சிஸ்கோவின் பெயரே எழுத்துப்பிழையுடன் இருந்தது; பின்னர் திருத்தப்பட்டது. இத்தலைக்கு மறு அச்சுகள் உண்டு என்பதால், வாங்குமுன் அறிந்தவர்களிடம் காட்டுவது நலம்.

என் மனம் மிகுதியாக ஒன்றுவது மாஃபெக்கிங் தலையிடம்தான். தென்னாப்பிரிக்கப் போரில் 217 நாள்கள் முற்றுகையிடப்பட்டிருந்த, பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட அவ்வூரில், ஆண்கள் அனைவரும் காவல் பணியில் இருந்ததால், சிறுவர்கள் அடங்கிய பயிற்சிப் படையே செய்திகளையும் கடிதங்களையும் ஊருக்குள் சுமந்தது. 1900ஆம் ஆண்டு ஏப்ரலில் அங்கேயே உருவான ஒரு பென்னித் தலையில், அப்படையின் தலைவனான குட்இயர் என்ற சிறுவன் மிதிவண்டியில் அமர்ந்திருக்கிறான். முறையான அச்சு வசதி இல்லாத நிலையில், ஒளிப்பட முறையில் நீல நிறத்தில் ஆக்கப்பட்டது அத்தலை. நாடாளும் அரசியின் உருவம் இருக்க வேண்டிய இடத்தில் ஊர்ச் சிறுவன் ஒருவன் இடம்பெற்றதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பே மேலிடுகிறது.

1902இல் அமெரிக்க அரசு வெளியிட்ட 10 சென்ட் விரைவுப் பட்டுவாடாத் தலையிலும் மிதிவண்டித் தூதனையே காண்கிறோம். அதற்கு முந்தைய தலைகளில் அவன் கால்நடையாக ஓடிக்கொண்டிருந்தான்.

பந்தய வீரர்களைக் காட்டும் தலைகள் பிற்காலத்தில் பெருகின. வார்சா, பெர்லின், பிராக் நகரங்களை இணைத்த அமைதிப் பந்தயத்திற்காகப் போலந்து, கிழக்கு ஜெர்மனி, செக்கோஸ்லோவாக்கியா ஆகிய மூன்று நாடுகளும் வெளியிட்ட தலைகளை மட்டும் திரட்டினாலே அழகிய ஒரு பிரிவு அமையும். பிரிட்டன் 1978இல் வெளியிட்ட 4 தலைகள், பெருஞ்சக்கர வண்டி முதல் பந்தய வண்டி வரையிலான வளர்ச்சியை வரிசையாகக் காட்டுவதால், புதிதாகத் தொடங்கும் மாணவர்களுக்கு அவற்றையே பரிந்துரைக்கிறேன்.

ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. 1960களின் பிற்பகுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் அஜ்மான், ஃபுஜைரா, உம் அல் குவைன் முதலிய வளைகுடாச் சிற்றரசுகளின் பெயரில் வண்ணமயமான விளையாட்டுத் தலைகள் ஏராளமாக அச்சாகின. அவற்றுள் பெரும்பாலானவை கடிதத்தில் ஒட்டப்படாமலே முத்திரையிடப்பட்டவை. பின்புறப் பசைகூடக் கரையாமல் இருப்பதே அதற்கு அடையாளம். படத்திற்காக ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளலாம். தொகுப்பின் பெரும்பகுதி அவற்றால் நிரம்பினால் தபால் வரலாறு அதில் இராது. அதே செலவில், உண்மையாகவே பயணம் செய்து சேரிடத்து அஞ்சலக முத்திரையையும் பின்புறம் தாங்கிய ஓர் உறை கிடைக்குமானால், அது சற்றே கசங்கியிருந்தாலும் அதைத்தான் நான் வாங்குவேன்.