விட்னி சிகரத்தின் வெண்பனிக் கணக்கு

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

பனி என்ற சொல்லைக் கேட்டதும் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளிதான் நம் நினைவுக்கு வரும். நான் இன்று பேச வந்திருப்பது, ஆளுயரத்துக்கும் மேலாகக் குவிந்து, மாதக்கணக்கில் மலையை மூடிக் கிடக்கும் வெண்பனியைப் பற்றி. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சியரா நெவாடா மலைத்தொடரின் தென்பகுதியில் விட்னி சிகரம் இருக்கிறது. அதன் உயரம் 4,421 மீட்டர். அலாஸ்காவை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அந்நாட்டில் இதைவிட உயர்ந்த சிகரம் வேறில்லை. கிழக்கு அடிவாரத்திலுள்ள லோன் பைன் என்னும் சிற்றூரில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு, ஊரின் மட்டத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில் சாம்பல் நிறப் பாறைகள் ஊசி ஊசியாக வானில் நிற்பது தெரியும்.

அந்தப் பாறை கிரானைட். எட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு நிலத்தின் ஆழத்தில் குழம்பாக இருந்து மெல்ல இறுகிய கல், பின்னாளில் மேலே உயர்த்தப்பட்டு வெளிப்பட்டது. இந்தக் கல்லுக்குத் தண்ணீரைத் தன்னுள் பிடித்து வைக்கும் குணம் மிகக் குறைவு; மேலே படிந்திருக்கும் மண்ணும் மிக மெல்லியது. கலிபோர்னியாவிலோ மழையும் பனியும் பெரும்பாலும் குளிர்காலத்திலேயே பெய்து முடிந்துவிடுகின்றன. கோடை ஏறக்குறைய வறண்டே கழியும். குளிர்காலத்தில் விழுவதெல்லாம் மழையாகவே விழுந்திருந்தால், வழுக்குப் பாறையில் சில நாள்களில் ஓடி வடிந்திருக்கும். பனியாக விழுவதால்தான் அது மலைமேல் தங்கி, மே, ஜூன், ஜூலை மாதங்களில் பயிருக்குத் தண்ணீர் வேண்டிய நேரத்தில் சிறிது சிறிதாக உருகி இறங்குகிறது. அம்மாநிலத்தின் நீர்த்தேவையில் ஏறத்தாழ 30 விழுக்காடு மலைப்பனியிலிருந்து கிடைப்பதாகக் கணக்கிடுகிறார்கள். கரை கட்டாமல், மதகு வைக்காமல் அமைந்த ஏரி என்றே இதைச் சொல்ல வேண்டும்.

ஏரியில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை அளவுகோல் காட்டிவிடும். பனியில் இருக்கும் நீரை எப்படி அளப்பது? ஆழத்தை மட்டும் அளந்தால் அது ஏமாற்றிவிடும். புதிதாக விழுந்த பனி பஞ்சு போன்றது. ஒரு மீட்டர் பனி உருகினால் பத்து சென்டிமீட்டர் நீர் கிடைக்கலாம். அதே ஒரு மீட்டர், வசந்த காலத்தில் அழுந்தி இறுகிய பழைய பனியாக இருந்தால் நாற்பது சென்டிமீட்டருக்கும் மேல் கிடைக்கும். இந்தச் சிக்கலுக்கு வழி கண்டவர் நெவாடா பல்கலைக்கழகத்தில் இலத்தீன் கற்பித்த ஜேம்ஸ் சர்ச் என்னும் பேராசிரியர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெவாடா மாநிலத்தின் ரோஸ் மலையில் குளிர்காலம்தோறும் ஏறி இறங்கிய அவர், முனையில் பற்கள் கொண்ட நீண்ட குழாய் ஒன்றை அமைத்தார். அதைப் பனிக்குள் தரை தட்டும்வரை இறக்கி, உள்ளே சிக்கிய பனியோடு எடுத்து நிறுத்தால், அந்த எடையே நீரின் அளவைச் சொல்லிவிடும். நீரியலில் நான் வியந்து போற்றும் கருவிகளில் இது முதன்மையானது. ஒரு மொழியாசிரியர் மலைமீது கொண்ட பற்றிலிருந்து இது பிறந்தது என்பதை நினைக்குந்தோறும் மகிழ்ச்சி உண்டாகிறது.

இன்று தானியங்கிக் கருவிகளும் வானூர்தி அளவீடுகளும் வந்துவிட்டன. ஆயினும் அளப்பவர்கள் அதே வகைக் குழாயோடு, குறித்த இடங்களுக்குப் பனிச்சறுக்குக் கட்டைகளில் இன்றும் செல்கிறார்கள். ஏப்ரல் முதல் நாள் அளவீடுதான் ஆண்டின் முதன்மைக் கணக்கு. 2015-இல் அந்நாளில் சியராவில் இருந்தது வழக்கமான அளவில் 5 விழுக்காடு மட்டுமே. அன்றைய ஆளுநர் ஜெர்ரி பிரவுன், பனி கிடக்க வேண்டிய இடத்தில் வெறும் புல்தரையில் நின்றுகொண்டு, நகரங்கள் நீர்ப் பயன்பாட்டை 25 விழுக்காடு குறைக்க வேண்டும் என ஆணையிட்டார். எட்டு ஆண்டுகள் கழித்து, 2023-இல், பனி வழக்கத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் சேர்ந்தது. அதன் உருகுநீரும் அவ்வாண்டின் பெருமழையும் வந்து நிரம்பியதில், மலைத்தொடருக்கு மேற்கேயுள்ள சமவெளியில் நூறாண்டுக்கு முன்பே வடிக்கப்பட்டு வயலாகிப்போன டுலாரி ஏரி மீண்டும் தோன்றிப் பல்லாயிரம் ஏக்கர் விளைநிலத்தை மூழ்கடித்தது. விட்னியின் மேற்குச் சரிவு நீர் கெர்ன் ஆற்றில் சேர்ந்து அந்தச் சமவெளிப் பக்கம் போகிறது. கிழக்குச் சரிவு நீர் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. அந்தப் பள்ளத்தாக்கின் ஆற்றை 1913 முதல் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் நீண்ட கால்வாய் வழியே எடுத்துக்கொண்டதால், லோன் பைனுக்குத் தெற்கே இருந்த ஓவன்ஸ் ஏரி வற்றிப் புழுதிக்காடாயிற்று. அந்த ஊர் மக்களின் இழப்பைச் சொல்லாமல் இந்தப் பனியின் கணக்கை முடிப்பது நேர்மையாகாது.

இனி, இம்மலையில் நடக்க வருவோருக்கு வருவோம். ஏறுவதற்குக் கயிறு தேவைப்படாத பாதை ஒன்று, 2,550 மீட்டர் உயரத்திலுள்ள விட்னி போர்ட்டல் என்ற இடத்திலிருந்து தொடங்குகிறது. போய்த் திரும்ப ஏறத்தாழ 35 கிலோமீட்டர். மே முதல் அக்டோபர் வரையிலான பருவத்தில், ஒரே நாளில் ஏறித் திரும்புவோர் நூறு பேர், இரவு தங்குவோர் அறுபது பேர் என நாளொன்றுக்கு வரையறுத்துக் குலுக்கல் முறையில் அனுமதி தருகிறார்கள். மனிதக் கழிவையும் பையில் கட்டிக் கீழே கொண்டுவர வேண்டும். மட்கச் செய்யும் மண் அந்தப் பாறையில் இல்லை. இந்த விதிகளைக் கெடுபிடி என்று நான் கருதவில்லை. அங்கே அசுத்தமாவது கீழே பலர் குடிக்கும் நீர்.

பனி மிகுந்த ஆண்டில் கோடை தொடங்கிய பிறகும் மேற்பகுதிக் கொண்டையூசி வளைவுகள் பனிக்குள் புதைந்தே கிடக்கும். அப்போது பக்கத்திலுள்ள செங்குத்தான பனிச்சரிவில் பனிக்கோடரியும் முள்காலணியும் கொண்டு ஏற வேண்டும். அவற்றைக் கையாளப் பழகாதவர்கள் சறுக்கி விழுந்து உயிரிழந்ததுண்டு. ஓடைகளிலும் கவனம் வேண்டும். பகல் வெயிலில் மேலே உருகும் நீர் கீழே வந்து சேரச் சில மணி நேரம் ஆவதால், காலையில் முழங்காலளவு ஓடிய நீர் மாலையில் இடுப்பளவாகப் பெருகி இழுக்கக்கூடும். இதை அறிந்தவர்கள் மாலையில் ஓடையின் இக்கரையிலேயே தங்கி, இரவுக் குளிரில் மேலே உருகுவது குறைந்து நீர் வடிந்த பின், விடியற்காலையில் கடக்கிறார்கள்.

நன்றி. வணக்கம்.