பெரிய ஜி, சின்ன ஜி

நேயர்களுக்கு வணக்கம். முதலில் இரண்டு பெயர்கள் சொல்கிறேன், கொஞ்சம் காது கொடுங்கள். கிட். கிட். ஏதாவது வித்தியாசம் தெரிந்ததா? தெரிந்திருக்காது. முதலில் சொன்னதற்கு ஆங்கிலத்தில் சின்ன ஜி. அடுத்ததற்குப் பெரிய ஜி. தாளில் எழுதினால் கண்ணுக்குத் தெரியும், வானொலியில் தெரியாது. 2014 டிசம்பரில் உலகம் முழுக்க மேக், விண்டோஸ் கணினிகளில் நிரல் எழுதிக்கொண்டிருந்தவர்களை அலறவைத்தது இந்த வித்தியாசம்தான்.

கிட் என்பது நிரல் எழுதுகிறவர்களின் பதிவேடு. எந்த வரியை யார் எப்போது மாற்றினார், போன மாதம் இந்த நிரல் எப்படி இருந்தது என்று எல்லாமே அதில் இருக்கும். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ், விண்டோஸ் மாதிரி தான் உருவாக்கிய லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் வேலைக்காக எழுதினார். சில மாதங்களிலேயே அதைப் பராமரிக்கும் பொறுப்பை ஜூனியோ ஹமானோவிடம் கொடுத்துவிட்டார். இன்றைக்கு ஐ.டி. வேலைக்குப் போகும் பிள்ளைகளைக் கேட்டால் தினமும் அதில்தான் கிடக்கிறோம் என்பார்கள்.

அடுத்தவர் எழுதிய நிரலை அப்படியே நம் கணினிக்குக் கொண்டுவருவதற்கு குளோன் என்று பெயர். வந்த ஃபோல்டருக்குள் புள்ளி வைத்து ஆரம்பிக்கும் இன்னொரு ஃபோல்டர் இருக்கும், புள்ளி கிட் என்று. சாதாரணமாகக் கண்ணில் படாது. வீட்டில் பீரோ மாதிரி அது. கிட் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற அமைப்புகள் அதில் இருக்கும், அப்புறம் ஹூக் எனப்படும் குட்டி நிரல்களும் இருக்கும். குளோன் முடிந்த கையோடு கிட் தானாகவே ஓட்டுகிற ஹூக் ஒன்று உண்டு. நம்மை ஒரு வார்த்தை கேட்காது. அதனால்தான் இந்த ஃபோல்டர் மட்டும் வெளியிலிருந்து வராது, நம் கணினியிலேயே புதிதாக உருவாகும். வருகிற ஃபைல்களில் எதற்காவது அந்தப் பெயர் இருந்தால் கிட் வாங்கிக்கொள்ளாது.

இதுவரை சரி. ஆனால் கிட் பிறந்து வளர்ந்த இடம் லினக்ஸ். அங்கே சின்ன ஜியும் பெரிய ஜியும் இரண்டு வேறு பெயர்கள். ஒருவர் பெரிய ஜி போட்டு ஒரு ஃபோல்டரை அனுப்பினால், இது யாரோ வேறு ஆள் என்று கிட் உள்ளே விட்டுவிடும். மேக்கிலும் விண்டோஸிலும் வட்டில் எழுதப் போகும்போதுதான் வினை. அவை வழக்கமாகப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்ப்பதில்லை. அடடே, இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே என்று அந்த ஃபைல்களைக் கொண்டுபோய் பீரோவுக்குள்ளேயே வைத்துவிடும். அதில் ஒரு ஹூக் இருந்தால் முடிந்தது கதை. முன்பின் தெரியாத ஒருவர் எழுதியது நம் கணினியில் நம் பெயரில் ஓடும். நாம் செய்த ஒரே காரியம், குளோன் என்று தட்டியது.

இன்னொரு வழியும் இருந்தது. தமிழ் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். ரிக்‌ஷா என்று அடிக்கும்போது இக்கன்னாவும் ஷாவும் ஒட்டிக்கொண்டு க்ஷ ஆகிவிடாமல் இருக்க, நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைப் போடுகிறோம் இல்லையா, அதே குறி. அன்றைய மேக்கின் வட்டு அமைப்பு, பெயர்களை ஒப்பிடும்போது அதைக் கணக்கிலேயே எடுக்காது. கிட் என்ற மூன்று எழுத்துக்கு நடுவே அதைச் செருகினால் கிட்டுக்கு அது வேறு பெயர், மேக்குக்கு அதே பெயர். விண்டோஸில் பழைய காலத்துக் குறும்பெயர் வழக்கம் ஒன்று உண்டு. ஜி-ஐ-டி, ஒரு நெளிகோடு, ஒன்று என்று எழுதினாலும் அந்த பீரோ திறக்கும்.

எனக்கு இதில் பிடித்த விஷயம், இதைக் கண்டுபிடித்தவர்கள் யார் என்பது. கிட்டுக்குப் போட்டியாக அதே 2005இல் பிறந்த மெர்க்குரியல் என்ற மென்பொருளின் ஆட்கள், மாட் மக்கல், ஆகி ஃபாக்லர். தங்கள் வீட்டில் ஓட்டை இருப்பதைப் பார்த்தவர்கள், பக்கத்து வீட்டுக்கும் சொல்லி அனுப்பினார்கள். டிசம்பர் 18 அன்று கிட் 2.2.1 வெளிவந்தது. பழைய பதிப்புகளிலேயே இருந்தவர்களுக்கும் கூடவே திருத்தம் வந்தது. ஹமானோ தன் அறிவிப்பில் அந்த இருவருக்கும் பெயர் சொல்லி நன்றி தெரிவித்திருந்தார்.

நான் அப்போது வேலை பார்த்த இடத்தில், எல்லோரும் இன்றைக்கே பதிப்பை மாற்றுங்கள் என்று சொல்லிக்கொண்டு மேசை மேசையாகப் போனேன். ஒரு தம்பி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “நாம லினக்ஸ்தானே அண்ணா, இது விண்டோஸ்காரன் பாடு” என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை, அவர் கணினிக்கு அன்று ஆபத்தில்லை.

2024 மே மாதம் இதே பெரிய எழுத்து, சின்ன எழுத்து விவகாரம் மறுபடி தலைதூக்கியது. ஒரு நிரலுக்குள் இன்னொரு நிரலைச் சேர்த்து வைக்கும் சப்மாட்யூல் என்ற வசதி வழியாக, குளோன் முடிவதற்குள்ளேயே ஹூக் ஓடிவிடும். 2.45.1 பதிப்பில் சரிசெய்தார்கள். அப்புறம் 2025 ஜூலையில் இன்னொன்று. ஒரு பெயரின் கடைசியில் வரிமுடிவுக் குறி இருந்தால், கிட் எழுதும்போது அதையும் சேர்த்து எழுதும், திரும்பப் படிக்கும்போது விட்டுவிடும். எழுதியது ஒரு பெயர், படித்தது வேறு பெயர். இதற்கும் திருத்தம் வந்துவிட்டது. ஆனால் இந்த முறை மாட்டியது மேக்கும் லினக்ஸும். விண்டோஸில் அந்த மாதிரிக் குறியை ஃபைல் பெயரில் வைக்கவே முடியாது, அதனால் தப்பித்தது.

அந்தத் தம்பிக்கு போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “ஒரு நிமிஷம் இருங்க அண்ணா” என்றார். விசைப்பலகைச் சத்தம் கேட்டது.