கார் ஷெட்டில் வெல்டிங் சாமான்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

திருச்சியில் வெல்டிங் தெரிந்த ஆளைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1965-ல் திருவெறும்பூரில் பெல் (பிஎச்இஎல்) கொதிகலன் தொழிற்சாலை வந்தது. 1975-ல் அங்கேயே வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமும் வந்தது. அவற்றைச் சுற்றி துவாக்குடி, அரியமங்கலம் என்று பேப்ரிகேஷன் பட்டறைகள் பெருகின. அந்தத் தொழிலில் கை பழகியவர்கள் பலர் இன்று ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார்கள். கையில் தூக்கிப் போகிற அளவுக்கு இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் வந்துவிட்டது, விலையும் இறங்கிவிட்டது. அதனால் கார் ஷெட்டிலேயே ஒரு மூலையை ஒதுக்கி கேட், கிரில், பூந்தொட்டி ஸ்டாண்டு, மொட்டை மாடிக்கு ஷெட் என்று செய்துகொள்கிறார்கள். நல்ல விஷயம்தான்.

எப்படி வெல்டிங் வைப்பது என்று சொல்லித்தர இந்த ஊரில் ஆயிரம் பேர் உண்டு. வேலை முடிந்த பிறகு அந்தச் சாமான்களை எங்கே, எப்படி வைப்பது என்பதைத்தான் அதிகம் பேர் பேசுவதில்லை. இன்று நான் அதைப் பற்றி மட்டும் பேச வந்திருக்கிறேன். பட்டறைக்கு இரவில் பூட்டுப் போட்டால் உள்ளே ஆள் இருக்காது. வீட்டுக் கார் ஷெட் அப்படியில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் தூங்குகிறார்கள். மெஷின் ஓடும்போது நம் கண்ணும் காதும் வேலையில் இருக்கும், ஏதாவது தப்பு நடந்தால் உடனே தெரியும். கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போன பிறகு நடப்பது தெரியாது. அந்த நேரத்துக்கு நமக்குக் காவல், சாமான்களை வைத்திருக்கிற முறை ஒன்றுதான்.

முதலில் உங்கள் கார் ஷெட்டை ஒரு முறை நின்று பாருங்கள். வண்டியில் பெட்ரோல் இருக்கும். அலமாரியில் மிச்சமான பெயின்ட், தின்னர், பழைய செய்தித்தாள் கட்டு, சாக்கு இருக்கும். சில வீடுகளில் போன தீபாவளிக்கு வெடித்தது போக மிச்சமும் அட்டைப் பெட்டியில் கிடக்கும். கரண்ட் போனால் ஓடுகிற வீட்டு இன்வெர்ட்டரின் பேட்டரியைக்கூட நிறையப் பேர் அங்கேதான் வைத்திருக்கிறார்கள். திரவம் ஊற்றுகிற அந்த பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். கிரைண்டர் பொறி பல அடி தூரம் தெறித்துப் போய் விழும். ஆகவே வெல்டிங் சாமானை ஒழுங்குபடுத்துவது என்றால், முதலில் வெல்டிங்குக்குச் சம்பந்தமில்லாத இந்தச் சாமான்களை அங்கிருந்து கிளப்புவதுதான். பேட்டரிக்கு வீட்டின் வேறு பக்கம் காற்றோட்டமான இடம் பாருங்கள். இடமே இல்லையென்றால், கார் ஷெட்டில் வெல்டிங் வேண்டாம் என்பதே என் கருத்து.

இரும்பைத் துடைக்க வைத்திருக்கும் பிரேக் கிளீனர் டப்பாவையும் பாருங்கள். அதில் குளோரின் கலந்த கரைப்பான் இருந்தால், அதன் ஆவி ஆர்க் என்கிற வெல்டிங் மின்சுடரின் வெளிச்சத்தில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறக்கூடும். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொன்ற வாயு அது. அந்த மாதிரி டப்பா வெல்டிங் செய்கிற இடத்தில் இருக்கவே கூடாது.

அடுத்து சிலிண்டர். கேட், கிரில் வேலைக்கு கேஸ் தேவையே இல்லை. ராடு (மேல்பூச்சுள்ள வெல்டிங் கம்பி) வெல்டிங்கும் கட்டிங் மெஷினும் போதும். ஆனாலும் பழகிய கை என்பதால் சிலர் ஆக்சிஜனும் டிஏ (கரைத்து அடைத்த அசிட்டிலின்) சிலிண்டரும் வாடகைக்கு எடுத்து வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். கறுப்பு நிறத்தில் இருப்பது ஆக்சிஜன். நிரப்பி வரும்போது அதற்குள் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 150 கிலோ அழுத்தம் இருக்கும். உங்கள் கார் டயரில் இருப்பது இரண்டரைக் கிலோவுக்கும் குறைவு. அந்தச் சிலிண்டர் சாய்ந்து விழுந்து வால்வு முறிந்தால் அது எந்தச் சுவரையும் பார்க்காது. மெரூன் நிறத்தில் இருப்பது அசிட்டிலின். ஆக்சிஜனைப் போல அதை வெறும் வாயுவாக அழுத்தி அடைக்க முடியாது, தானாகவே சிதைந்து வெடித்துவிடும். அதனால் நுண்துளைகள் நிறைந்த ஒரு பொருளைச் சிலிண்டருக்குள் நிரப்பி, அதில் அசிட்டோனை ஊற வைத்து, அந்த அசிட்டோனில் வாயுவைக் கரைத்து வைத்திருக்கிறார்கள். டிஏ சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தி நிறுத்தச் சொல்வது இதனால்தான். ஆட்டோவில் படுக்கப்போட்டுக் கொண்டுவந்திருந்தால் உடனே திறக்காதீர்கள். நிறுத்திவைத்துக் குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள். ரொம்ப நேரம் படுத்தே கிடந்திருந்தால் அதற்கு மேலும் விட வேண்டும்.

கசிவுதான் பெரிய கவலை. அசிட்டிலின் காற்றில் நூற்றுக்கு இரண்டரை பங்கு சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். சிலர் கட்டிங்குக்கு எடுக்கிற எல்பிஜிக்கு இரண்டு பங்கு போதும். எல்பிஜி காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு பரவி, பள்ளமான இடத்தில் தேங்கும். கார் ஷெட்டில் அடியிலிருந்து வண்டியைப் பார்க்கக் குழி வெட்டியிருந்தால் அங்கேதான் போய் உட்காரும். சமையலுக்கு வாங்குகிற 14.2 கிலோ சிவப்பு சிலிண்டரை கட்டிங்குக்கு எடுப்பது சட்டப்படியும் தப்பு.

கேஸ் சுடர் வருகிற டார்ச்சையும் ஹோஸையும் ரெகுலேட்டரையும் சேர்த்துச் சுருட்டி, இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. இதை நான் எங்கே பார்த்தாலும் சொல்லிவிடுவேன். ஹோஸுக்குள் மிச்சமிருக்கும் கேஸ் மூடிய பெட்டிக்குள் கசிந்து தேங்கும். சிலிண்டரோடு இணைப்பு இருந்து வால்வும் சரியாக மூடாமல் போனால் கேட்கவே வேண்டாம். மறுநாள் காலையில் பெட்டியைத் திறக்கிறவர் பக்கத்தில் ஒரு பொறி போதும். வேலை முடிந்ததும் முதலில் சிலிண்டர் வால்வை மூடுங்கள். அப்புறம் டார்ச்சைத் திறந்து ஹோஸில் இருப்பதை வெளியேற்றுங்கள், ஆக்சிஜனைத் தனியாக, கேஸைத் தனியாக. இரண்டு மீட்டர் முள்ளும் பூஜ்யத்துக்கு வந்ததா என்று பாருங்கள். பிறகு ரெகுலேட்டரின் திருகைத் தளர்த்தி, டார்ச் வால்வுகளை மூடி, ஹோஸைச் சுவரில் திறந்த இடத்தில் மாட்டுங்கள். ரெகுலேட்டர் மரை இறுகிவிட்டது என்று கிரீஸோ தேங்காய் எண்ணெயோ தடவாதீர்கள். அழுத்தமான ஆக்சிஜன் பட்டால் எண்ணெய் தானே தீப்பிடிக்கும். ஆக்சிஜன் ரெகுலேட்டரைத் துடைக்க ஒரு சுத்தமான துணியை மட்டும் தனியாக வையுங்கள். எண்ணெய்க் கையோடும் அதைத் தொட வேண்டாம்.

ஆக்சிஜனையும் எரியும் வாயுவையும் 20 அடி தள்ளி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவே 5 அடி உயரத்துக்குத் தீ தாங்கும் சுவர் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு விதி. நம் கார் ஷெட் முழு நீளமே 20 அடி வராது. ஆகவே வீட்டில் நிரந்தரமாக ஜோடி சிலிண்டர் வைக்காதீர்கள். தேவைப்படும் அன்று வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டிக் வெல்டிங்குக்கு (வாயுக் காப்பில் டங்ஸ்டன் முனையால் செய்வது) ஆர்கன் வைத்திருப்பவர்கள் சங்கிலி போட்டுச் சுவரோடு கட்டி, ரெகுலேட்டரைக் கழற்றி, தொப்பியை மாட்டி வையுங்கள். ஆர்கன் எரியாது. ஆனால் மூடிய அறையில் கசிந்தால் தரைமட்டத்திலிருந்து காற்றைத் தள்ளிக்கொண்டு நிரம்பும். மணமும் இல்லை. ஷட்டர் போட்ட கார் ஷெட்டாக இருந்தால் அடியிலும் மேலேயும் காற்று போக வழி வேண்டும்.

சரி, ராடுக்கு வருவோம். வீட்டு வெல்டிங்கில் அதிகம் கெட்டுப்போவது இதுதான். ராடின் பிடி முனைக்குப் பக்கத்தில் 6013 என்றோ 7018 என்றோ எண் அச்சடித்திருக்கும். அந்த எண் தெரியாமல் ராடை வைக்கத் தெரியாது. 6013 கொஞ்சம் ஈரம் தாங்கும். நமுத்துப் போனாலும் 100 முதல் 120 டிகிரியில் ஒரு மணி நேரம் காய வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். 7018 வேறு வகை. அதன் மேல்பூச்சில் ஈரமே இருக்கக் கூடாது. ஈரத்திலிருந்து வருகிற ஹைட்ரஜன் உருகிய இரும்புக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். வெல்டு பார்க்க அழகாக இருக்கும், சில மணி நேரமோ ஒன்றிரண்டு நாளோ கழித்து உள்ளுக்குள் விரிசல் விடும். கனமான இரும்பிலும் உறுதி கூடிய எஃகிலும் இந்த ஆபத்து அதிகம். பாக்கெட்டைப் பிரித்து 4 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்த 7018 ராடை மறுபடி சுட வேண்டும் என்று பெரிய வேலைகளில் விதியே வைத்திருக்கிறார்கள். அதைச் சுட 300 டிகிரிக்கு மேல் வேண்டும். வீட்டு ஓவன் அவ்வளவு சூடு தராது. சமையல் ஓவனில் ராடு வைப்பதும் தகாது. ஆகவே கிரில் வேலைக்கு 6013 போதும். பாரம் தாங்குகிற ஏதாவது செய்ய 7018 வேண்டுமென்றால், சிறிய பாக்கெட்டாக வாங்கி அன்றே முடித்துவிடுங்கள்.

ராடு நமுத்ததா என்று கண்டுபிடிக்க ஒரு பழைய வழி உண்டு. இரண்டு ராடுகளைக் கையில் தளர்வாகப் பிடித்து ஒன்றோடு ஒன்று தட்டுங்கள். காய்ந்த ராடு கணீரென்று ஒலிக்கும், ஈரம் ஏறியது மொத்தென்று மழுங்கி ஒலிக்கும். மேல்பூச்சில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அதைத் தட்டிப் பார்க்கவும் வேண்டாம், ஒதுக்கிவிடுங்கள். மேல்பூச்சு உதிர்ந்து கம்பி தெரிகிற ராடும் அப்படியே.

ராடு வைக்க விலை உயர்ந்த பெட்டி தேவையில்லை. மூன்று அங்குல பிவிசி குழாயை ராடின் நீளத்தைவிட இரண்டு விரல்கடை கூடுதலாக வெட்டுங்கள். ஒரு முனையில் மூடியைப் பசை போட்டு ஒட்டுங்கள், மறுமுனையில் கழற்றி மாட்டுகிற மூடி. உள்ளே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம். ஒவ்வொரு வகைக்கும் ஒரு குழாய், மேலே பெயின்டால் எண்ணும் தடிமனும் வாங்கிய மாதமும். இதைத் தரையில் வைக்காதீர்கள், அடித்தளத்து ஈரம் ஏறும். பழைய பிரிட்ஜுக்குள் பல்பு எரியவிட்டு ராடு வைப்பதும் நம் பக்கத்துப் பழக்கம். நல்ல யோசனைதான், ஆனால் அது காய்ந்த ராடு ஈரமாகாமல் பார்த்துக்கொள்ளும், ஈரமான ராடைக் காயவைக்காது. பல்பும் பழைய இழை பல்பாக இருக்க வேண்டும், எல்இடி சூடு தராது. அந்த பிரிட்ஜின் பூட்டைக் கழற்றிவிடுங்கள், பிள்ளைகள் உள்ளே புகுந்து மாட்டிக்கொள்ளக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த ஏற்பாடு எல்லாம் பலன் தெரியும்.

மிக் மெஷின் (சுருளிலிருந்து கம்பி தானாக வருகிற வெல்டிங் மெஷின்) வைத்திருப்பவர்கள், பல நாள் வேலை இல்லையென்றால் கம்பிச் சுருளைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். துருப்பிடித்த கம்பி, அது ஓடுகிற குழாயான லைனருக்குள் சிக்கிக்கொண்டு உயிரை வாங்கும்.

மெஷினை இடுப்பு உயரப் பலகையில் வையுங்கள். வெள்ளத்துக்கும் அது பாதுகாப்பு, முதுகுக்கும் நல்லது. கிரைண்டர் ஓடுகிற பக்கம் வேண்டாம், இரும்புத்தூளை மின்விசிறி உள்ளே இழுத்து போர்டில் அப்பிவிடும். வேலை முடிந்ததும் விசிறி ஓடி மெஷின் ஆறட்டும், அப்புறம் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் துணியால் மூடுங்கள். பாலித்தீன் போட்டால் ஈரம் உள்ளேயே நிற்கும். பல்லி உள்ளே புகுந்து போர்டில் ஷார்ட் ஆக்குவது அடிக்கடி நடப்பதுதான், துணி உறை அதையும் தடுக்கும். மழைக்காலத்தில் வேலை இல்லாவிட்டாலும் மாதம் ஒரு முறை ஓடவிடுங்கள்.

கேபிளை ஆணியில் மாட்டாதீர்கள், ஒரே இடத்தில் மடிந்து உள்ளே செப்பு இழை அறுந்துபோகும். பழைய கார் டயரின் ரிம்மையே சுவரில் பொருத்திச் சுற்றலாம். எலி கடித்த இடம் இருக்கிறதா என்று எடுக்கும்போதெல்லாம் கையால் தடவிப் பாருங்கள், மெஷினை ஆன் செய்வதற்கு முன்.

தோல் கையுறையும் ஷூவும் உயரத்தில் தொங்கட்டும். தரையில் விட்டால் தேளும் பூரானும் குடிவந்துவிடும். மாட்டும் முன் உதறுங்கள். கட்டிங் வீல்களை ஈரம் படாமல் சமமான பலகையில் படுக்க வையுங்கள். பல நிறுவனங்களின் வீலில் நடுவே இருக்கிற உலோக வளையத்தில் காலாவதி மாதம் பொறித்திருக்கும், பெரும்பாலும் தயாரித்ததிலிருந்து மூன்று ஆண்டு. பசை வலுவிழந்த பழைய வீல் சுற்றும்போது உடைந்து பறக்கும். மலிவாகக் கிடைத்தது என்று பெட்டி பெட்டியாக வாங்கி வைக்க வேண்டாம்.

கடைசியாக, வேலை முடிந்த ஒரு மணி நேரம். பொறி எங்காவது சாக்கிலோ மரத்தூளிலோ புகுந்து புகையாமல் கனன்றுகொண்டிருக்கும். முன்பு அரை மணி நேரம் கண்காணித்தால் போதும் என்றார்கள். இப்போது ஒரு மணி நேரம் என்று அமெரிக்கத் தீத்தடுப்பு விதியை மாற்றியிருக்கிறார்கள். ஆகவே ராத்திரி ஒன்பது மணிக்கு வெல்டிங் செய்துவிட்டுப் படுக்கப் போகாதீர்கள். மாலை ஆறு மணிக்கே நிறுத்திவிட்டு, அடுத்த ஒரு மணி நேரத்தை ராடு அடுக்கவும், கேபிள் சுற்றவும், பெருக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் முழுக்க நீங்கள் அங்கேயே இருப்பீர்கள். ஏபிசி வகைத் தீயணைப்பான் ஒன்றைக் கார் ஷெட் உள்மூலையில் மாட்டாமல், நீங்கள் வெளியே ஓடிவரும் வாசலருகே மாட்டுங்கள். அதன் முள் பச்சைப் பகுதியில் இருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். பக்கத்தில் இரண்டு வாளி மணலும் இருக்கட்டும். எதை எப்படித் திறந்து அடிப்பது என்று வீட்டிலிருக்கும் பெரியவர்கள் எல்லோருக்கும் ஒரு முறை காட்டிக்கொடுத்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.