அப்பாவின் கூடப்பிறந்தவர், தாய்மாமன், ஒரு சின்ன கிளப்

வணக்கம் நேயர்களே. ஆஸ்திரேலியாவில் ‘ஃபுட்டி’ என்று சொன்னால் அது நமக்குப் பழக்கமான கால்பந்து இல்லை. நீள்வட்ட மைதானம், முட்டை வடிவப் பந்து, ஒரு பக்கத்துக்கு 18 பேர், பந்தைக் காலால் உதைக்கலாம், கையால் குத்தியும் அனுப்பலாம். நடுக் கம்பங்களுக்குள் உதைத்தால் 6 புள்ளி, ஓரமாகப் போனால் 1. விளையாட்டு பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும், நான் பேச வந்தது ஒரு குடும்பத்தைப் பற்றி.

நாட்டின் பெரிய ஃபுட்டி லீக்குக்கு மெல்பர்னில் நடக்கும் இறுதிப் போட்டியில் யார் மிக நன்றாக ஆடினாரோ அவருக்கு நார்ம் ஸ்மித் பதக்கம் தருவார்கள். 1982-ல் அது மோரிஸ் ரியோலிக்குக் கிடைத்தது. அவருடைய ரிச்மண்ட் அணி அன்று தோற்றுப்போனது, தோற்ற அணியில் இருந்து அதை வாங்கிய முதல் ஆள் அவர்தான். 1993-ல் எசண்டனின் மைக்கேல் லாங். 2015-ல் ஹாதார்னின் சிரில் ரியோலி. இந்த சிரிலுக்கு மோரிஸ், அப்பாவின் கூடப்பிறந்தவர்; மைக்கேல் லாங், தாய்மாமன்!

சரி, இந்த மூன்று பேரும் வடக்கே டார்வினில் ஆடிய கிளப் எது? மூவருக்கும் ஒன்றுதான், செயின்ட் மேரிஸ். டார்வினுக்குப் பக்கத்தில் கடலில் இருக்கும் திவி தீவுகளிலிருந்து வேலைக்கு வந்த பூர்வகுடி ஆண்கள் ஆடுவதற்கு ஒரு அணி வேண்டும் என்று 1952-ல் தொடங்கிய கிளப் அது. நாட்டின் தெற்கே குளிர்காலத்தில் ஃபுட்டி ஆடுவார்கள், டார்வினில் அக்டோபர் முதல் மார்ச் வரை கொட்டும் மழைக்காலத்தில் ஆடுவார்கள், வியர்வையிலும் மழையிலும் வழுக்குகிற பந்தைப் பிடித்துப் பிடித்தே அந்தப் பையன்களின் கை அப்படிப் பழகிப்போகிறது என்று நான் நம்புகிறேன்.

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. பெரிய கிளப்புகள் ‘டிராஃப்ட்’ என்ற முறையில் வரிசை போட்டு 18 வயதுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கின்றன. 2007-ல் சிரில் 12-வது ஆளாக ஹாதார்னுக்குப் போனார். எந்த ஊர், எந்த அணி என்று முடிவு செய்வது அந்தப் பிள்ளை கிடையாது. அவன் பிரியப்பட்டு, அண்ணன் தம்பியோடு, மாமன் மச்சானோடு ஆடிய ஒரே கிளப் ஊர்க் கிளப்தான், ஆனால் கோப்பை தூக்கும்போது தொலைக்காட்சியில் அதன் பெயரை யார் சொல்கிறார்கள்? சம்பளம் வாங்காமல் மைதானத்தில் கோடு போட்டவர்கள், சட்டை துவைத்தவர்கள், பையனை வண்டியில் ஏற்றிப் போய் இறக்கியவர்கள், இவர்களையும் சேர்த்துத்தானே அந்தப் பதக்கம்?

ஹாதார்னோடு நான்கு கோப்பைகள் ஜெயித்த சிரில், 2018-ல் 29 வயது முடிவதற்குள்ளேயே ஆட்டத்தை விட்டார். குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்று சொல்லி டார்வினுக்கே திரும்பினார். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

அப்புறம், நேயர்களில் யாராவது மார்ச் மாதம் டார்வின் பக்கம் போனால் திவி தீவுகளின் இறுதிப் போட்டியைத் தவற விடாதீர்கள். தீவில் மொத்தமே மூவாயிரம் பேருக்கும் குறைவு, ஆனாலும் 1969-லிருந்து அவர்களுக்கென்று தனி லீக் இருக்கிறது. படகிலும் சின்ன விமானத்திலும் சனம் வந்து இறங்கும். மற்ற நாளில் உள்ளே போக அனுமதிச் சீட்டு கேட்பார்கள், இறுதிப் போட்டி அன்று கேட்பதில்லை. குடை எடுத்துப் போங்கள், மழை நிச்சயம்.